பேட்டரிக்காக

வண்டியின் ஆஷ்ட்ரேயில் ஒரு பத்து ரூபாய் நாணயம் கிடக்கிறது. மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே போட்டது, இன்னும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் புகைப்பவர் எவரும் இல்லை. அப்பா காலத்திலிருந்தே அந்தத் தகர டப்பியில் பின்னூசி, ஃபியூஸ், குங்குமப் பொட்டலம் என்று ஏதாவது கிடக்கும். அதனால் ஒரு காசு கிடப்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் அது என் காசு அல்ல. செய்யூர்ப் பக்கம் ஒரு கிராமச் சாலையில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த கிழவி ஒருவர், கந்தசாமி கோயில் உண்டியலில் சேர்த்துவிடச் சொல்லி என் கையில் கொடுத்தது. அந்தக் கோயிலுக்குப் போவதாக நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் அங்கே போவதாக இல்லை. எங்கேயுமே போவதாக இல்லை. பழைய வண்டி ஓட்டுகிறவனுக்குக் காதுதான் பாதிக் கண். வண்டி நாற்பதைத் தாண்டினால் எந்தத் தகரம் எந்தச் சுருதியில் அதிரும் என்பது எனக்கு மனப்பாடம். பின்கதவுப் பூட்டு, முக்கோணக் கண்ணாடியின் கொக்கி, ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு கிளிப். இப்போது அவற்றோடு புதிதாக ஒரு சத்தம் சேர்ந்திருக்கிறது. அதை நிறுத்துவது எளிது, காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டால் போதும். ஏனோ எடுக்கத் தோன்றவில்லை. இரண்டு வாரமாக மனத்தில் நமநமத்துக்கொண்டிருப்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

வண்டி 1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவுகள் கொண்டது. அம்பாசடர் கல்கத்தாவிலிருந்தும் ஃபியட் பம்பாயிலிருந்தும் வந்த காலத்தில் இது நம் ஊர்க் கார். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து ஜி.எஸ்.டி. சாலையோரம், பெருங்களத்தூரில் இதைச் செய்தது. படத்தை வரைந்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. கண்ணிமை நீண்ட மாதிரி விளக்குகளுக்கு மேலே ஒரு மடிப்பு வைத்திருப்பார். சிறுவயதில் அந்த மடிப்பைத் தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் இதன் சேஸிஸைச் சற்றுக் குறுக்கி, அதன் மேல் இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த உடலை வைத்து 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதையும் வரைந்தவர் மிக்கெலோட்டிதான். ஸ்பிட்ஃபயர் நம் ஊரில் தயாராகவில்லை. ஆனாலும் அதன் முன்சக்கர அமைப்பு, குறுக்கே படுத்திருக்கும் பின் வில், கையில் வைத்ததுமே திரும்பும் லேசான ஸ்டியரிங் எல்லாம் இந்த ஹெரால்டிலிருந்து போனவை. கல்யாணச் சமையலுக்கு வாழையிலைக் கட்டு ஏற்றிப் போன வண்டிக்குள் ஒரு பந்தய வண்டியின் எலும்பு இருந்தது என்பது அப்பாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில், பிப்ரவரி வாக்கில் நடக்கும் பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியதை ஊரே அறியும். பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்மாறிய 1990-க்குள் இந்த வண்டியின் காலம் முடிந்துவிட்டது.

வட்டமடிக்க 25 அடி போதும். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில் இன்றைய சின்னக் கார்களே முன்னும் பின்னும் நாலு தடவை போகிற இடத்தில் இது ஒரே திருப்பில் வந்துவிடும். எஞ்சின் 948 சி.சி.; இன்று அந்த அளவு பெரிய பைக்குகளில் வருகிறது. ஆனால் எண்களைவிட எனக்கு இதன் பானெட்தான் பெரிய விஷயம். முன்பக்கம் முழுவதும், சக்கரத்தை மூடும் தகரங்கள் உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். அதற்கும் ஒரு கதை உண்டு. கார் உடலைச் செய்து கொடுத்துவந்த கம்பெனி போட்டியாளர் கைக்குப் போனதும், இங்கிலாந்து ஸ்டாண்டர்டுக்காரர்கள் தனி சேஸிஸ் போட்டு, அங்கங்கே செய்த உடல் துண்டுகளை அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வண்டியை அமைத்தார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த அந்த அமைப்பு, துண்டுகளாக வந்து இங்கே சேரவேண்டிய மெட்ராஸ் வண்டிக்கு வசதியாயிற்று. எங்கள் மெக்கானிக், பானெட்டைக் கவிழ்த்துவிட்டு முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்கிற மாதிரி இருக்கும் பார்க்க. எஞ்சின், கார்புரேட்டர், ஸ்டியரிங் எல்லாம் மடிக்கு எதிரே. ஸ்க்ரூடிரைவரின் இரும்பு முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். முன்சக்கரம் திரும்பும் வெண்கல டிரன்னியனில் கிரீஸ் வைக்க விடமாட்டார். தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும், கிரீஸ் கெட்டித்துப்போனால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும் என்பார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், வண்டிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

சென்னையில் இந்த வண்டிக்கு வருஷத்தில் நாலு மாதம்தான். மழை விட்ட கார்த்திகைப் பின்பாதியிலிருந்து மாசி முடியும்வரை. பங்குனி பிறந்துவிட்டால், அறுபத்துமூவர் கூட்டத்துக்கு மாட வீதிகளில் பந்தல் போடத் தொடங்கும்போதே, காலை பத்து மணிக்குத் தார் இளகுகிறது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்பு காற்றை இழுத்து, சிக்னலில் வண்டி மூச்சுத் திணறி நிற்கும். ஈரத் துணியைச் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு ரப்பர் குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே மாசியின் கடைசி ஞாயிறு எனக்கு ஒரு விளிம்பு நாள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மயிலாப்பூரில் இப்போது மச்சு எங்கே இருக்கிறது, அபார்ட்மென்டுகளின் கான்கிரீட்டை எந்தப் பனி துளைக்கும் என்று கேட்கலாம். ஆனாலும் அந்த நாலே முக்கால் மணிக்குப் பானெட் மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்கு ஈரம் இருந்தது. சோக்கை இழுத்து, ஒருமுறை முனகி, இரண்டாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. குளிர்ந்த இரும்பு சூடேறும்போது வருகிற பெட்ரோலும் பழைய ரெக்ஸினும் கலந்த வாசனை. கேட்டைத் திறக்க எழுந்து வந்த வாட்ச்மேன் கேட்டார்: "எங்க சார், வெளியூரா?" "கோயிலுக்குப்பா" என்றேன். எந்தக் கோயில் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருவிடந்தை என்று சொல்லியிருப்பேன். வருஷா வருஷம் அதைத்தான் சொல்கிறேன். நித்யகல்யாணப் பெருமாளுக்கு என்னால் ஒரு வருத்தமும் வந்திராது, பாதி வருஷங்கள் வாசலைக் கடக்கும்போது ஒரு கும்பிடாவது போட்டிருக்கிறேன். ஆனால் அடையாறு தாண்டும்வரை அந்தச் சொல் என்னோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது. சும்மா ஒரு ரவுண்டு என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவருக்கும் தூக்கக் கலக்கம்; ரெண்டில் எது சொன்னாலும் தலையாட்டியிருப்பார்.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அப்பாவிடம்தான் போய் நிற்கிறது. அவருக்கு வேலை பாண்டி பஜார் பக்கம், ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். போக வரப் பஸ். கார் வாரம் ஆறு நாளும் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். எடுக்க வேண்டுமென்றால் ஒரு முகாந்திரம் வேண்டும்: எழும்பூரில் திருச்சி வண்டிக்குப் போய்ச் சொந்தக்காரர்களை அழைத்துவர, ஜெனரல் ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்க, கல்யாணம், கருமாதி, வருஷம் ஒருமுறை திருப்பதி. ஆனால் ஞாயிறு விடியற்காலையில், அம்மா பாலுக்கு அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில், "வண்டியை ஒரு ஓட்டு ஓட்டிட்டு வரேன், பேட்டரி இறங்கிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். எல்ஃபின்ஸ்டன் பாலம் வழியாக அடையாறைக் கடந்து எலியட்ஸ் பீச் வரை போய்த் திரும்புவார். 1973-இல் திரு.வி.க. பாலம் திறந்ததும் வழி மாறியது. அதே வருஷக் கடைசியில் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும், வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆயிற்று. காரணம் மாறவில்லை. பேட்டரிக்காக. அதில் பொய்யும் இல்லை. அந்தக் கால வண்டியில் இருந்தது டைனமோ. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அது மின்சாரம் தராது. வீட்டு வாசலில் நிறுத்தி உறுமவிட்டுப் பிரயோஜனம் இல்லை, நாலு மைலாவது ஓட்டினால்தான் பேட்டரி ஏறும். பீச்சுக்குப் போய் வர அந்தத் தூரம் சரியாக இருந்தது. அவர் தேர்ந்தெடுத்த காரணம் அவ்வளவு உறுதியானது.

நம் மொழியில் இதற்கு நேரான சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு, எங்கும் போகாமல், போவதற்காகவே போவது. உலா என்றால் தெய்வமோ அரசனோ வர வேண்டும். மாட வீதி நான்கையும் சுற்றிப் புறப்பட்ட வாசலுக்கே கபாலீஸ்வரர் வந்து சேர்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அது நாம் பார்ப்பதற்காக அவர் வருவது. ஊர் சுற்றுவது என்றால் அது ஏச்சு. ராகுல சாங்கிருத்யாயனின் புத்தகம் தமிழில் 'ஊர்சுற்றிப் புராணம்' என்ற பெயரில் வந்தபோது அந்தத் தலைப்பே ஒரு சவாலாக எனக்குப் பட்டது. பெரியவர்கள் யாரும் அந்தச் சொல்லைத் தங்களைக் குறித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. தொல்காப்பியம் பாலைத் திணைக்குப் பின்பனியையும் உரிய காலமாக்குகிறது. மாசியும் பங்குனியும் வீட்டை விட்டுப் புறப்படும் பருவம். ஆனால் எதற்குப் பிரியலாம் என்று கேட்டால் ஓதல், பகை, தூது, காவல், பொருள் என்று பட்டியல் வருகிறது. வெளி அழகாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது என்று யாரும் பிரிவதில்லை. இதை நான் இலக்கணத்தின் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தி காத்திருக்கும்போது வெறுமனே போய்வந்தேன் என்பவனுக்கு அந்த உலகத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான். இன்றைய சட்டத்திலும் அப்படியே. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். 50 வருஷம் கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்; கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்து வரும். அந்த வண்டி எதற்கெல்லாம் சாலைக்கு வரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள்: கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க. படித்தபோது அப்பாவின் பேட்டரிதான் ஞாபகத்துக்கு வந்தது. நான் அந்தப் பதிவுக்குப் போகவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்கிறேன்.

மாமல்லபுரம் வரை நகரம்தான். திருவான்மியூரில் பூக்கடை விளக்குகள், நீலாங்கரையில் மதில்கள், உத்தண்டியில் டோல், முட்டுக்காட்டுப் பாலத்தின் மேல் மட்டும் ஒரு மூச்சு உப்புக் காற்று. புதுப்பட்டினம் கடந்து, வாயலூரில் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் வெளி திறக்கும். வெளுப்பான மணல், நடுவில் மழைக்காலத்தின் மிச்சமாக ஒரு நீர்க்கோடு, அதில் கால் நனைத்தபடி நாரைகள். அதற்கு அப்பால் சாலையை நான்குவழியாக்கும் வேலை நடக்கிறது. வெட்டிய மரங்களின் அடித்தூர்கள் இன்னும் ஈரமாக இருந்தன. அதைப் பார்க்கச் சகிக்காமல் கொஞ்சம் வேகம் எடுத்தேன். சவுக்குத் தோப்புகள் தொடங்கியதும் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டேன். முக்கோணக் கண்ணாடியைப் பின்னோக்கித் திருப்பினால் காற்று நேராக மார்பில் வந்து மோதும். சவுக்கு ஊசிகளின் காய்ந்த வாசனை, உழுத மண், எங்கோ எரியும் வைக்கோல். இந்த வண்டியில் வளைவு என்பது ஒரு சின்னப் பாடம். பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் தொங்குகின்றன. வளைவுக்குள் போன பிறகு பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்புறம் நிமிர்ந்து சக்கரம் உள்ளே மடங்கும். முன்பே வேகத்தைக் குறைத்து, மூன்றாம் கியருக்கு மாற்றி, வளைவின் நடுவிலிருந்து மெல்லக் கொடுத்துக்கொண்டே வெளியேற வேண்டும். சரியாக வந்துவிட்டால், இடுப்பில் தொடங்கித் தோள் வரை ஓர் இணக்கம் ஓடும். நான் ஓட்டுகிறேன் என்பதே மறந்துபோகிற கணம் அது. அதற்காகத்தான் போகிறேன். வேறு எதற்காகவும் இல்லை. இதை இவ்வளவு பச்சையாக எழுத அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

கடப்பாக்கத்தில் டீ குடித்தேன். ஆலம்பரைக் கோட்டையின் உடைந்த செங்கல் சுவர் மேல் உட்கார்ந்து, கழிமுகத்தில் படகுகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. திரும்பும்போது பெரிய சாலை வேண்டாமென்று மேற்கே செய்யூர்ப் பக்கம் போகும் கிளைச் சாலையில் இறங்கினேன். மணி ஒன்பதரை இருக்கும். சம்பா அறுப்பு முடிந்திருந்தது. சாலையின் பாதி அகலத்துக்கு நெல் பரப்பி, ஓரத்தில் கருங்கல் வரிசை வைத்திருந்தார்கள், வண்டிகள் ஏறிவிடாமல் இருக்க. மீதிப் பாதியில் எதிரே ஒரு டிராக்டர். நான் ஒதுங்கி நின்றேன். அப்போதுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வெறுங்காலால் நெல்லைக் கீறிக் கீறி வரப்புபோல வரிகள் உண்டாக்கிக்கொண்டு நடந்தார். ஒரு கோடி வரை போய்த் திரும்பி, முதல் வரிகளுக்கு நடுவே அடுத்த வரிகள். அடியில் இருக்கும் ஈர நெல் மேலே வர வேண்டும் என்பதற்காக. பாதத்தை எடுத்து வைப்பதில்லை, இழுத்துக்கொண்டே போவது. நெல் புரளும் அந்தச் சரசரப்பு, எஞ்சினை அணைத்த பிறகுதான் காதில் விழுந்தது. டிராக்டர் போய்விட்டது. நான் கிளம்பவில்லை. அவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து, விளக்கு மேல் மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். "பழைய வண்டியா? எங்கப்பா போற, யாரு ஊட்டுக்கு?"

யார் வீட்டுக்கும் இல்லை. அந்தக் கேள்விக்கு அந்த ஊரில் நூறு பதில்கள் இருந்திருக்கலாம். என்னிடம் ஒன்றும் இல்லை. காலையில் வாட்ச்மேனிடம் சொன்னது வாயில் தயாராக இருந்தது. "கோயிலுக்கும்மா. கந்தசாமி கோயிலுக்கு." அவர் முகம் மாறிய விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கசங்கிய நோட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசு. "எனுக்கு முட்டி நோவுது, ரெண்டு வருசமா போவ முடியல. உண்டியல்ல போட்டுடு. நான் வந்த மாதிரி." வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? நெல் தூசி ஒட்டியிருந்த காசு. கோயில் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர். கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போனதும், பின்னாளில் நான் வைத்த டெம்பரேச்சர் மீட்டரின் முள் ஏறத் தொடங்கியிருந்தது. சென்னைக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கிறது, பத்தரைக்கு மேல் இந்த வண்டி தாங்காது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி யோசித்தேன். பிறகு வண்டியைத் திருப்பினேன், ஒரே வட்டத்தில். அவர் இருந்த பக்கம் போகாமல், வேறு சாலை பிடித்து.

பொய் சொன்னதற்காக எனக்குக் கஷ்டமாக இல்லை என்று முதலில் நினைத்தேன். அது பொய்யா, மரியாதையா என்று இப்போதும் எனக்குத் தீர்மானமாகவில்லை. வெயிலில் காலால் நெல்லைப் புரட்டுகிறவரிடம், வண்டி ஓட்டுவது சுகமாக இருக்கிறது, அதற்காக வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்வதில் ஓர் அநாகரிகம் இருக்கிறதென்று என் உடம்புக்குத் தெரியும். மெக்கானிக்கின் அப்பா பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் பிரிவில் இருந்தவர். எத்தனை கதவு மாட்டியிருப்பார் என்று ஒருநாள் கேட்டேன். கணக்கு தெரியாது, ஆனால் ஒரு ஹெரால்டில் கூட உட்கார்ந்து மகாபலிபுரம் போனதில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். ஹெரால்டுக்குப் பிறகு கஸல், அதற்கும் பிறகு எண்பதுகளில் ரோவரின் உடலில் பழைய எஞ்சினை வைத்த ஸ்டாண்டர்டு 2000. 1988-இல் எல்லாம் முடிந்தது. 2006-இல் சொத்துகள் விற்பனையானபோது, கிடங்கில் பிரிக்காமல் கிடந்த ரோவர் உதிரிபாகங்களை இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கிக் கப்பலில் கொண்டுபோயிற்று. இங்கே வந்து கார் ஆகாமல் போனவை, அங்கே யாரோ ஞாயிற்றுக்கிழமைக்காக வைத்திருக்கும் வண்டிகளில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பெரியவரின் கை பட்ட கதவு ஒன்று என் வண்டியிலும் இருக்கலாம். மெக்கானிக்கிடம் ஒருமுறை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கள், ஒரு ரவுண்டு போய்வரலாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார். கூப்பிடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன் என்பதுதான் நிஜம்.

அம்மா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தாள். ஒருநாள் மத்தியானம், கீழே நான் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு மேலே வந்தபோது, சத்தத்தைக் கேட்டுக் கண் திறந்தாள். "உங்கப்பா பேட்டரி பேட்டரிம்பார். எனக்கென்ன தெரியாதா? பீச்சுல வண்டிய நிறுத்திட்டு அரை மணி உக்காந்திருப்பார். செருப்புல மணல் இருக்கும், நான்தானே வாசல் பெருக்கறேன்." சிரித்தாள். "நானும் வரேன்னு நீ ஒருநாள் கேட்டிருக்கலாமேம்மா" என்றேன். "பேட்டரி சார்ஜ் பண்ண ரெண்டு பேர் எதுக்குடா?" என்றாள். கோபமாக இல்லை. அந்த வயதில் அவளிடம் கோபமே மிச்சமில்லை. ஆனால் அவள் கேட்டிருக்க ஆசைப்பட்டாள் என்பது அந்தச் சொல்லில் இருந்தது. அப்பா தன் சந்தோஷத்தை மறைத்தது, அடுப்படியை விட்டு நகர முடியாதவளின் எதிரில் அதைக் காட்டக் கூடாது என்கிற நயத்தால்தான் என்று நான் நம்புகிறேன். அவர் அப்படிப்பட்ட மனிதர். ஆனால் காரணத்துக்குள் இன்னொருவர் ஏறி உட்கார இடம் இல்லை. சும்மா போகிறேன் என்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால், பாலைக் காய்ச்சி மூடிவிட்டு, அவளும் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். காற்றுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அவள் அந்த முன்சீட்டில் உட்கார்ந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும். நெல் காயப்போட்ட அம்மாளை நினைக்கிறேன். அவருக்கும் நான் காரணம்தான் கொடுத்தேன். அவர் அந்தக் காரணத்துக்குள்ளேயே ஓர் இடம் பிடித்து, பத்து ரூபாயாக ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் வந்த மாதிரி என்று சொல்லிவிட்டு. நான் அவரைப் பாதி வழியில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

சென்ற வியாழக்கிழமை இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். பங்குனி பிறந்துவிட்டது, வண்டியின் மேல் உறை போட்டு, பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள். "பஸ்ஸுல போய்ப் போட்டுட்டு வரலாம்" என்றாள் முதலில். சரிதான், செய்யூருக்குப் பஸ் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, வண்டிலயே போலாம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கே கிளம்பினா, கோயில்ல கும்பிட்டுட்டு அந்த அம்மாவையும் பாத்துட்டு வந்துடலாம். நானும் வரேன்" என்றாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அந்த வண்டியில் வெளியூர் போவதைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல்முறை. முதுகுவலி, ஏ.சி. இல்லாத வண்டி, வீட்டு வேலை என்று அவளுக்குப் பிடிக்காது என நானே நினைத்துக்கொண்டிருந்தேன். "வெயில் ஏறிடும். திரும்பி வரும்போது வண்டி தாங்காது. கார்த்திகைக்கு அப்புறம் போலாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வெயிலைப் பற்றி நான் சொன்னது உண்மை. டைனமோவைப் பற்றி அப்பா சொன்னதும் உண்மையாகத்தான் இருந்தது. இரவு கீழே போய் உறையை ஓரமாக விலக்கி, கதவைத் திறந்து ஆஷ்ட்ரேயை இழுத்துப் பார்த்தேன். காசு இருந்தது. பேட்டரி வயரை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.